நேர்ந்துவிட்ட கோழிகள்

ராய்ஸ்: ஐயோ… பந்தைப் பிடிச்சுட்டான். பிடிச்சுத் தொலைச்சுட்டானே!

லோர்னா: ராய்ஸ், பிடிச்சது நம்ம பையன்.

ராய்ஸ்: தெரியும்மா. அதான் ஐயோங்கிறேன்.

லோர்னா: நம்ம வெஸ்ட் பிளாட் ஸ்டேட் பையன். நம்ம சட்டை. நெஞ்சுல நம்ம காட்டுக்கோழிச் சின்னம்.

ராய்ஸ்: ஓடுறான் பாரு… இன்னும் ஓடுறான்… அட விழுடா! யாராவது அவனைத் தள்ளி விடுங்களேன்!

லோர்னா: மெதுவாப் பேசு. முன் வரிசையில பர்டெட் ஹாஸ் உக்காந்திருக்கார். காலேஜோட விளையாட்டு டைரக்டரே எதிராளிக்குக் கத்துறார்னு தெரிஞ்சா, ஸ்கோர்போர்டுக்குக் குடுத்த காசைத் திருப்பிக் கேப்பார்.

பர்டெட்: ராய்ஸ்! பாத்தியா? கோட்டைத் தாண்டிட்டான்! நம்ம கோழி கொத்திடுச்சுய்யா!

ராய்ஸ்: பாத்தேன் ஹாஸ் சார்… கண்ணு கலங்குது சார்!

லோர்னா: நிஜமாவே கலங்கித்தான் இருக்கு.

ராய்ஸ்: சிரிக்காதே. எவ்வளவு இப்போ?

லோர்னா: பதினாலுக்குப் பத்து. நாமதான் முன்னால.

ராய்ஸ்: ஆண்டவா.

லோர்னா: ஜெயிச்சா உனக்கு எங்கய்யா வலிக்குது?

ராய்ஸ்: பர்ஸ்ல.

லோர்னா: காசுக்குத்தானே வந்தோம்? சீசன் தொடக்கத்துல இந்தப் பெரிய யுனிவர்சிட்டிக்காரங்க பசங்க அடிச்சுப் பழக ஒரு ஆள் வேணும். அதுக்குப் பன்னண்டு லட்சம் டாலர் குடுத்து நம்மளைக் கூப்பிடுறாங்க. வருஷா வருஷம் இதானே பொழப்பு?

ராய்ஸ்: அதான் சொல்றேன்! நேந்துவிட்ட கோழின்னா கோழியா நடந்துக்கணும். வரணும், கழுத்தை நீட்டணும், செக்கை வாங்கிட்டுப் பஸ் ஏறணும். போன வருஷம் நினைச்சுப் பாரு. அறுபத்துமூணுக்கு மூணு. எவ்வளவு கௌரவமா இருந்துச்சு! அவங்க டைரக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அடுத்த வருஷமும் கட்டாயம் வரணும்'னார்.

லோர்னா: அந்த மூணு புள்ளிக்கே நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே.

ராய்ஸ்: தேவையில்லாத திமிரு அது.

லோர்னா: ஏன், ஜெயிச்சா செக் கிடையாதா?

ராய்ஸ்: செக் உண்டு. ஆனா அதுக்கப்புறம் எவன் கூப்பிடுவான்? திருப்பிக் கொத்துற கோழியை எவனாவது காசு குடுத்து வாங்குவானா?

லோர்னா: அப்போ நம்ம துறையில லாபத்துக்கு விக்கிற ஒரே சரக்கு தோல்விதான்.

ராய்ஸ்: சத்தமாச் சொல்லாதே. அதுக்கும் ஒரு கோச்சைப் போட்டு சம்பளம் கேப்பாங்க.

லோர்னா: போன மாசம் பேப்பர்ல பேட்டி குடுத்தியே? 'எங்கள் துறை சொந்தக் காலில் நிற்கிறது'ன்னு. போட்டோல கூட ஒரு காலை முன்னால வெச்சுட்டு நின்னே.

ராய்ஸ்: நின்னுச்சும்மா. பேட்டி முடியற வரைக்கும் நின்னுச்சு.

லோர்னா: வருமானம் ரெண்டு கோடியே முப்பது லட்சம்னு போட்டிருந்தான்.

ராய்ஸ்: அதுல பாதிக்கு மேல யுனிவர்சிட்டியே நமக்குக் குடுக்குறது. அப்புறம் பிள்ளைங்க ஃபீஸோட சேத்துப் பிடிக்கிறது. நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணு, ஃபுட்பால்ல பந்து உருண்டையா நீளமான்னு கூடத் தெரியாது, அது செமஸ்டருக்கு நானூறு டாலர் கட்டுது. எல்லாம் நம்ம வருமானம்.

லோர்னா: எங்கப்பா குடுத்த கைச்செலவை நான் சம்பாத்தியம்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருந்தா வெளுத்திருப்பார்.

ராய்ஸ்: அதனாலதான் உங்கப்பா சோள வயலோட நின்னுட்டார். டைரக்டர் ஆக முடியல.

லோர்னா: டிக்கெட்டு விக்கலையா?

ராய்ஸ்: வித்துச்சே. கூட்டம் குறைஞ்சா லீக்ல பேச்சு வரும்னு ரெண்டாயிரம் டிக்கெட்டை நாமளே நமக்கு வித்துக்கிட்டோம். ஒரு சந்தோஷம், வாங்கினவன் கடன் சொல்லல.

லோர்னா: உனக்கு வெட்கமே கிடையாதா?

ராய்ஸ்: இருந்துச்சு. மூணாவது வருஷ பட்ஜெட்ல வெட்டிட்டேன்.

பர்டெட்: ஏய் ராய்ஸ்! என்ன அங்க குசுகுசுன்னு? எழுந்து நில்லுய்யா! மறுபடியும் பந்து நம்ம கையில!

ராய்ஸ்: நிக்கிறேன் சார்! முழங்கால்தான் கொஞ்சம்…

லோர்னா: உக்காரு, அவர் திரும்பிட்டார். இந்தா, சில்லிக் குழம்பு ஆறுது. சினமன் ரோலை அதுல தொட்டுச் சாப்பிடு.

ராய்ஸ்: வேண்டாம், நீ சாப்பிடு.

லோர்னா: சரி, அதை விடு. ஆறு மணி நேரம் காரை ஓட்டி என்னைக் கூட்டிட்டு வந்திருக்கே. நீச்சல் கோச்சுக்கு இங்க என்ன வேலை? பத்தொன்பது வருஷமா ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்ல.

ராய்ஸ்: சும்மாத்தான். உனக்கும் ஒரு நாள் பொழுது போகட்டும்னு.

லோர்னா: ஏதோ பேசணும்னியே? கார்ல பேசலாம்னே. கார்ல நூறு மைல் உன் முழங்காலைப் பத்திப் பேசினே. அப்புறம் கோதுமை விலை. அப்புறம் உன் மச்சானோட விவாகரத்து. காபி குடிக்கிற இடத்துல சொல்றேன்னே. அங்க காபியைப் பத்திப் பேசினே.

ராய்ஸ்: காபி மோசமா இருந்துச்சு.

லோர்னா: ராய்ஸ்.

ராய்ஸ்: ஆட்டம் முடியட்டும்மா. சொல்றேன்.

லோர்னா: என் நீச்சல் குளத்தைப் பத்தியா?

ராய்ஸ்: குளமா? குளத்துக்கு என்ன? குளம்… குளம் இருக்கு.

லோர்னா: ஊரெல்லாம் பேச்சா இருக்கு. நீச்சல் அணியைத் தூக்கிடப் போறாங்க, குளத்தை மூடிடப் போறாங்கன்னு. என் பொண்ணுங்க இருபத்திரண்டு பேரும் தினம் என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிறாங்க. நான் என்னன்னு சொல்ல?

ராய்ஸ்: ஊர் பேசும்.

லோர்னா: இருபத்திரண்டுல பதினாறு பேர் முழு ஃபீஸ் கட்டுறாங்க. நீந்துறதுக்காகத்தான் இந்தக் காத்தடிக்கிற ஊருக்கே வந்தாங்க. அணி இல்லேன்னா பையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. போனா காலேஜுக்குத்தானே நஷ்டம்?

ராய்ஸ்: அது வேற பெட்டிம்மா. அந்த ஃபீஸ் யுனிவர்சிட்டிப் பெட்டிக்குப் போகுது. செலவு மட்டும் என் பெட்டியில இருந்து வருது. என் கணக்குல பாத்தா உன் பொண்ணுங்க ஒவ்வொருத்தியும் நஷ்டம். யுனிவர்சிட்டி கணக்குல பாத்தா ஒவ்வொருத்தியும் லாபம்.

லோர்னா: ஃபுட்பால் பசங்க?

ராய்ஸ்: அவங்க ரெண்டு பெட்டிக்கும் நஷ்டம். ஆனா டிவில வர்றாங்க.

லோர்னா: நம்ம ஊர்லயே ஆட்டம் இருந்தாலும் முதல் நாள் ராத்திரி மொத்த டீமையும் ஹோட்டல்ல தங்க வைக்கிறே. அவனவன் கட்டில் அரை மைல் தூரத்துல கிடக்கு. அந்த ஹோட்டல் பில்லுல என் பொண்ணுங்க ஒரு சீசன் முழுக்க பஸ்ல போயிட்டு வருவாங்க.

ராய்ஸ்: வீட்டுல படுத்தா பசங்களுக்குக் கவனம் சிதறும்னு ஃபுட்பால் கோச் ப்ரூயிட் சொல்றார்.

லோர்னா: போன வருஷம் ரெண்டே ரெண்டு ஆட்டம்தான் ஜெயிச்சாங்க.

ராய்ஸ்: ரூம் சர்வீஸ்ல சிதறிடுச்சு.

லோர்னா: ப்ரூயிட்டுக்கு முன்னால இருந்தாரே, குட்டையா… அவருக்கு இன்னும் சம்பளம் போகுதாமே?

ராய்ஸ்: அவருக்கும் போகுது, அவருக்கு முன்னால இருந்தவருக்கும் போகுது. ஒப்பந்தம் முடியறதுக்குள்ள தூக்கினா மிச்ச வருஷச் சம்பளத்தைக் குடுத்துத்தான் ஆகணும். வேலை பாக்காம இருக்க ரெண்டு பேருக்குச் சம்பளம், வேலை தெரியாததுக்கு ஒருத்தருக்கு. ஒருத்தர் ஃபுளோரிடால மீன் பிடிக்கிறார். போன மாசம் 'ரொம்ப நன்றி ராய்ஸ்'னு மீனோட போட்டோ அனுப்பியிருந்தார். பெரிய மீனு.

லோர்னா: பாதி ஆட்டம் முடிஞ்சுது. பேண்டுக்காரங்க வர்றாங்க.

ராய்ஸ்: எவ்வளவு?

லோர்னா: பதினேழுக்குப் பதிமூணு. இன்னும் நாமதான்.

ராய்ஸ்: அந்தப் பக்கம் எல்லாரும் தூங்கிட்டாங்களா?

பர்டெட்: என்னம்மா லோர்னா! ஃபுட்பால்னா இதான்! உங்க நீச்சல்ல இப்படி ஒரு ஆவேசம் வருமா?

லோர்னா: வரும் ஹாஸ் சார். தலை தண்ணிக்குள்ள இருக்கிறதால வெளிய தெரியாது.

பர்டெட்: ஹா! நல்லாப் பேசுறே.

லோர்னா: நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும். பாய்லர்தான் பழசாயிடுச்சு. உங்களை மாதிரி ஒருத்தர் மனசு வெச்சா…

பர்டெட்: பேரு எங்க போடுவீங்க?

லோர்னா: குளத்துச் சுவத்துல போடலாம். பெருசா.

பர்டெட்: டிவில வருமா?

லோர்னா: நீச்சலை டிவில காட்டுறதில்ல சார்.

பர்டெட்: அப்போ பாய்லரு என் பேரைச் சுமந்து என்னத்துக்கு ஆகப் போகுது? சரி, நான் போயி ஒரு ஹாட் டாக் வாங்கிட்டு வர்றேன். ராய்ஸ், உனக்கு?

ராய்ஸ்: வேண்டாம் சார். எனக்குச் சந்தோஷத்துலயே வயிறு நிறைஞ்சிடுச்சு.

லோர்னா: பாத்தியா மனுஷனை? ஜில்லா முழுக்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற குழாய் விக்கிறார். என் குளத்துக்கு ஒரு வாளி கிடையாது.

ராய்ஸ்: திட்டாதே. ஸ்கோர்போர்டுக்கு நாப்பது லட்சம் குடுத்த கை.

லோர்னா: அந்த ஸ்கோர்போர்டை நிக்க வைக்க நீ அறுபது லட்சம் கடன் வாங்கினே.

ராய்ஸ்: அடித்தளம் போடணுமே. அவர் பலகைக்குத்தான் குடுத்தார். கம்பிக்குக் குடுக்கல, கரண்டுக்குக் குடுக்கல. தானமா வந்த யானை அது. அதைக் கட்டி வெச்சுத் தீனி போட்டே நான் காலியாயிட்டேன்.

லோர்னா: சரி, அவர் இல்ல. பேண்டு சத்தத்துல யாருக்கும் கேக்காது. சொல்லு. என்ன விஷயம்?

ராய்ஸ்: பேண்டு நல்லா வாசிக்கிறாங்க.

லோர்னா: ராய்ஸ், நான் உன் கூட பத்தொன்பது வருஷமா வேலை பாக்குறேன். காதைத் தொட்டுட்டே இருக்கே நீ.

ராய்ஸ்: ப்ரூயிட்டோட ஒப்பந்தம்.

லோர்னா: ப்ரூயிட்டா?

ராய்ஸ்: ரெண்டு வருஷம் முன்னால சம்பளம் ஏத்திக் குடுங்கன்னு வந்து நின்னான். கையில சல்லிக்காசு இல்ல. ஆனா மனுஷனை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. அதனால ஒரு வரி எழுதிக் குடுத்தேன்.

லோர்னா: என்ன வரி?

ராய்ஸ்: பெரிய லீக்ல இருக்கிற அணியை அவங்க மைதானத்துலயே ஜெயிச்சா நாலு லட்சம் டாலர் போனஸ். ஒப்பந்தம் தானா நாலு வருஷம் நீளும். சம்பளம் ஒண்ணரை மடங்கு.

லோர்னா: அடப்பாவி!

ராய்ஸ்: நடக்கவே நடக்காதுன்னு நினைச்சேம்மா! நூறு வருஷத்துல நடந்ததில்ல! காசு இல்லாதவன் தாராளமா வேற எதைக் குடுப்பான்? நடக்காததைத்தானே குடுக்க முடியும்? 'பத்து லட்சமாப் போடட்டுமா?'ன்னு கூடக் கேட்டேன். அவன்தான் பெருந்தன்மையா நாலு போதும்னான்.

லோர்னா: ஹா… ஹா… ஐயோ, வயிறு வலிக்குது…

ராய்ஸ்: சிரி, நல்லாச் சிரி. நானும் கையெழுத்துப் போடும்போது சிரிச்சேன். ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். வக்கீலும் சிரிச்சார், அதுக்குத் தனியா பில் போட்டார்.

லோர்னா: இதைச் சொல்லவா என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?

ராய்ஸ்: ஆமா… அதாவது, இதுல உன் விஷயமும் இருக்கு.

லோர்னா: என் விஷயமா?

ராய்ஸ்: டிசம்பரோட ப்ரூயிட்டுக்கு ஒப்பந்தம் முடியுது. சும்மாவே அனுப்பிடலாம், ஒரு பைசா தர வேண்டாம். அவனுக்கு உதவியா இருக்கிற பையனைப் பாதிச் சம்பளத்துக்குப் போட்டா ஏழு லட்சம் மிஞ்சும். அந்தக் காசுலதான்… உன் பாய்லரு, உன் பஸ்ஸு, எல்லாம்.

லோர்னா: ஓ.

ராய்ஸ்: ஜெயிச்சுட்டா ப்ரூயிட் இன்னும் நாலு வருஷம். காசு மொத்தமும் அவனுக்கு. அப்புறம் நான் குளத்தை எதை வெச்சு ஓட்டுறது?

லோர்னா: அப்போ, இவங்க தோத்தா என் அணி பிழைக்கும்?

ராய்ஸ்: தோத்தா… பேசலாம்.

லோர்னா: பேசலாமா, பிழைக்குமா?

ராய்ஸ்: பிழைக்கும்.

லோர்னா: நல்லா யோசிச்சுச் சொல்லு.

ராய்ஸ்: பிழைக்கும்னா பிழைக்கும்மா. என்ன போலீஸ்காரி மாதிரி கேக்குறே?

லோர்னா: சரி. அப்போ நானும் உன் கட்சி. நம்ம பசங்க மண்ணைக் கவ்வட்டும்.

ராய்ஸ்: …ஆமா. கவ்வட்டும்.

லோர்னா: வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையே?

ராய்ஸ்: வேற என்ன இருக்கு? பாரு, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு.

லோர்னா: வெளுங்கடா! சிவப்புச் சட்டை, வெளுங்கடா!

ராய்ஸ்: ஐயையோ, சிவப்புச் சட்டை அவங்க! நம்ம ஆளுங்களுக்கு நடுவுல உக்காந்துட்டு அப்படிக் கத்தாதே!

லோர்னா: நீதானே தோக்கணும்னே?

ராய்ஸ்: மனசுக்குள்ள வேண்டிக்கம்மா. சர்ச்ல எப்படி வேண்டிக்கிறோம்? அப்படி.

பர்டெட்: என்ன ஆச்சு, என்ன ஆச்சு? வரிசையில நின்னு நல்ல கட்டமெல்லாம் போச்சு!

ராய்ஸ்: அவங்க ஆறு எடுத்துட்டாங்க சார். கூட ஒண்ணு. இருபதுக்குப் பதினேழு. நாம பின்னால போயிட்டோம் சார்.

பர்டெட்: ஏன்யா அதைச் சொல்லும்போது பல்லு தெரியுது?

ராய்ஸ்: வெயில் சார். கண்ணைச் சுருக்கினா பல்லு தெரியும்.

லோர்னா: நல்லா சமாளிக்கிறே.

ராய்ஸ்: இதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. மாசம் முழுக்க நான் வேற என்ன பண்றேன்னு நினைச்சே?

லோர்னா: இப்போ நிம்மதியா இரு. சிவப்புச் சட்டைக்காரங்க முழிச்சுக்கிட்டாங்க.

ராய்ஸ்: ம்… முழிச்சுக்கிட்டாங்க.

லோர்னா: என்ன, குரல் இறங்குது? தோத்துட்டா உனக்கு நாலு லட்சம் மிச்சம், எனக்குக் குளம் மிச்சம். திங்கக்கிழமை காலையில முதல் வேலையா பொண்ணுங்களைக் கூப்பிட்டு சொல்லிடலாம். நீயே வந்து சொல்லு. ரோஸ்லின் இருக்காளே, அந்த உசரமான பொண்ணு, மொன்டானால இருந்து வந்தவ. அவ உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாலும் அழுவா.

ராய்ஸ்: நான் எதுக்கு… நீயே சொல்லிக்கோ.

லோர்னா: இல்ல இல்ல, நீதான் சொல்லணும். டைரக்டர் வாயால வரணும்.

ராய்ஸ்: அடேய், பிடிடா! பந்தைப் பிடி! கண்ணு எங்க இருக்கு உனக்கு?

லோர்னா: ராய்ஸ், அது நம்ம பையன்.

ராய்ஸ்: தெரியும். அதுக்காகக் கைக்கு வந்ததை விடுவானா? ஒரு இது வேண்டாமா?

லோர்னா: தோக்கணும்னு இருந்தவனுக்கு இப்போ ஏன் இவ்வளவு கோபம்?

ராய்ஸ்: பர்டெட் பாக்குறார். நடிக்கிறேன்.

லோர்னா: அவர் பாத்ரூம் போயி அஞ்சு நிமிஷம் ஆச்சு.

ராய்ஸ்: …பழக்க தோஷம்.

லோர்னா: கோட்டைத் தாண்டிட்டான். நம்ம ஆள்தான். இருபதுக்கு இருபத்துநாலு. மறுபடியும் நாம முன்னால.

ராய்ஸ்: அப்பாடா.

லோர்னா: என்னது?

ராய்ஸ்: ஐயோன்னேன்.

லோர்னா: அப்பாடான்னே.

ராய்ஸ்: இந்தச் சத்தத்துல உனக்கு என்ன கேட்டுச்சோ. லோர்னா, ஒண்ணு சொல்லட்டா? எனக்கே என்னைப் பாத்தா சிரிப்பா வருது. சின்ன வயசுல நானும் இந்த ஆட்டம் ஆடினவன்தான். ஜெயிக்கணும்னுதான் ஆடினேன். இப்போ பாரு, அம்பத்தெட்டு வயசுல, கோழி போட்ட தொப்பி மாட்டிக்கிட்டு, எது நடந்தா எனக்கு நல்லதுன்னு எனக்கே தெரியாம உக்காந்திருக்கேன்.

லோர்னா: ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கே. இன்னிக்குத்தான் தொப்பி போட்டிருக்கே.

ராய்ஸ்: நல்ல டைரக்டரா இருந்திருக்கலாம். மோசமான டைரக்டரா இருந்தாலும் சம்பளம் ஒண்ணுதான்னு தெரிஞ்சப்புறம் சுறுசுறுப்பு போயிடுச்சு.

லோர்னா: நீ ஒண்ணும் கெட்டவன் இல்ல. கோழை.

ராய்ஸ்: தேங்க்ஸ்.

பர்டெட்: எத்தனை? எத்தனைப்பா? உள்ள போனா வரிசை நகரவே மாட்டேங்குது!

லோர்னா: இப்போதான் அவங்க ரெண்டு தடவை கம்பத்துக்கு நடுவுல உதைச்சாங்க ஹாஸ் சார். மூணு மூணா ஆறு. இருபத்தாறுக்கு இருபத்துநாலு. ரெண்டு புள்ளி பின்னால இருக்கோம். ஒரு நிமிஷம்தான் பாக்கி.

பர்டெட்: பந்து யாருகிட்ட?

லோர்னா: நம்மகிட்ட.

பர்டெட்: அப்போ நாமளும் உதைச்சா மூணு! போதுமே! ராய்ஸ், நம்ம உதைக்கிற பையன் எப்படி?

ராய்ஸ்: வோஸ்னு ஒரு பையன் சார். போன வாரம் பயிற்சியில உதைச்சது ஆம்புலன்ஸ் கண்ணாடியில பட்டுச்சு. அதோட செலவும் என் தலையிலதான்.

லோர்னா: அவனுக்கு உதவித்தொகை குடுத்தியா?

ராய்ஸ்: புத்தகத்துக்குக் கூடக் குடுக்கல. தானா வந்து, 'நான் உதைக்கட்டுமா'ன்னு கேட்டான். மொத்த டீம்லயும் எனக்குச் செலவு வைக்காத ஒரே ஆளு.

லோர்னா: இப்போ மொத்தமா வெச்சிடப் போறான்.

ராய்ஸ்: எவ்வளவு தூரம் அது? நாப்பத்தேழு கஜமா? முடியாது. இவனால முடியாது. காத்து வேற எதிர்ல அடிக்குது.

பர்டெட்: எல்லாரும் கையைக் கோத்துக்குங்கப்பா! லோர்னா, கையைக் குடும்மா! ராய்ஸ், நீயும்!

ராய்ஸ்: கோத்தாச்சு சார்.

லோர்னா: ராய்ஸ், இங்க பாரு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. இந்தப் பந்து வெளிய போனா என் குளம் பிழைக்கும். அப்படித்தானே?

ராய்ஸ்: இப்போ எதுக்கு அது… உதைக்கப் போறான் பாரு…

லோர்னா: கடைசியாக் கேக்குறேன். அப்படித்தானே?

ராய்ஸ்: …அப்படித்தான்.

லோர்னா: சரி.

ராய்ஸ்: ஏன் எழுந்துட்டே?

லோர்னா: போடுடா கண்ணா! நேரா விடுடா! உள்ள போடுடா என் ராஜா!

ராய்ஸ்: லோர்னா! என்ன பண்றே? உனக்கு எதிரா நீயே கத்துறே!

லோர்னா: வோஸ்! பயப்படாதே! உதைடா! கண்ணை எடுக்காம உதைடா!

பர்டெட்: அப்படிச் சொல்லும்மா! கத்து, கத்து!

ராய்ஸ்: போகுது… போகுது… இடது பக்கம் சாயுது… இல்ல… இல்ல…

பர்டெட்: உள்ள! உள்ள! உள்ளதாண்டா! இருபத்தேழுக்கு இருபத்தாறு! ஆட்டம் முடிஞ்சுது! ஐயோ, நான் செத்துட்டேன், யாராவது என்னைப் பிடிங்கப்பா!

லோர்னா: போட்டுட்டான்… ஐயோ, அந்தப் பையனைப் பாரு, என்ன பண்றதுன்னே தெரியாம நிக்கிறான். யாராவது போயி அவனைத் தூக்குங்களேன்!

பர்டெட்: ராய்ஸ்! இங்க வா! நான் இப்பவே சொல்றேன், எல்லாரும் சாட்சி! நம்ம ஸ்டேடியம் வாசல்ல ஒரு கோழி வைக்கிறோம். வெண்கலத்துல! ஆள் உசரத்துக்கு! பதினெட்டு லட்சம் ஆனாலும் சரி, நான் தர்றேன்!

ராய்ஸ்: கோழியா சார்…

பர்டெட்: கோழிதான்! காலைத் தூக்கிப் பந்தை உதைக்கிற கோழி! பீடத்தை மட்டும் நீ கட்டிடு!

ராய்ஸ்: கட்டிடறேன் சார்.

பர்டெட்: நான் கீழ இறங்கி மைதானத்துக்குப் போறேன். என்னை எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்! வாங்க ரெண்டு பேரும்!

ராய்ஸ்: நீங்க போங்க சார், இதோ வர்றோம்.

லோர்னா: படியில பாத்து இறங்குங்க ஹாஸ் சார்!

ராய்ஸ்: லோர்னா… என்னை மன்னிச்சுடும்மா.

லோர்னா: எதுக்கு?

ராய்ஸ்: என்னால முடிஞ்சதைப் பண்ணிப் பாத்தேன். நீயே பாத்தே. அந்தப் பந்து ரெண்டு அடி இடது பக்கம் போயிருந்தா உன் அணி பிழைச்சிருக்கும். எல்லாம் அந்தப் பையன் காலு. விதி. இனிமே நான் என்ன செய்ய முடியும், சொல்லு? திங்கக்கிழமை பொண்ணுங்ககிட்ட நீயே கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லிடு. இப்படி ஒரு ஆட்டம் நடந்துச்சு, அதனாலதான் குளம் போச்சுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க… ஏன் அப்படிப் பாக்குறே? அழணும்னா அழுதுடும்மா. திட்டணும்னா திட்டிடு.

லோர்னா: குளத்துத் தண்ணியை வியாழக்கிழமையே வடிச்சாச்சு ராய்ஸ். பம்ப் ரூம் சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியாம நீ அனுப்பின ஆளுங்க என்கிட்டதான் வந்து நின்னாங்க. 'குளத்தை மூடுறதை டைரக்டர் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே மேடம்'னாங்க. உனக்கு அசிங்கமாயிடக் கூடாதேன்னு, சொன்னார்னு சொல்லி, நான்தான் திறந்து விட்டேன்.